ரூபாய்க் குறி பெற்ற எண்

நாணயம் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. கையிற் புழங்கும் காசு ஒன்று. சொல் தவறாத நேர்மை மற்றொன்று. ஒரு காசு செல்லுவதற்கு அதன் உலோகம் மட்டும் காரணமன்று. அதன்மேற் பொறித்த முத்திரையைக் கொடுப்பவரும் வாங்குபவரும் அடுத்த ஊர்ச் சந்தையில் இருப்பவரும் ஒரே விதமாகப் படிப்பார்கள் என்னும் நம்பிக்கையே காசை நடக்கச் செய்கிறது. ஆகவே காசுக்கும் நேர்மைக்கும் ஒரே சொல் அமைந்தது மிகப் பொருத்தமே.

இந்நாளில் பணம் பெரும்பாலும் எழுத்தாகவே நடமாடுகிறது. விலைப்பட்டியலிலும், ஒப்பந்தத்திலும், வங்கிக் கணக்கிலும் தொகைக்கு முன்னே நிற்கும் ஒரு சிறு குறியே பழைய முத்திரையின் வேலையைச் செய்கிறது. இந்திய ரூபாய்க்கு அத்தகைய குறி ஒன்று 2010-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. அக்குறியை வரைந்த கதையைப் பலர் அறிவர். வரைந்த குறி கணினிகளுக்குள் எவ்வாறு இடம் பெற்றது என்னும் கதையைச் சிலரே அறிவர். அந்த இரண்டாம் கதையே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் ரூபாய் என்னும் பெயரைக் கவனிப்போம். இது ரூப்யம் என்னும் வடசொல்லிலிருந்து வந்தது. ரூபம் என்றால் உருவம். உருவம் பொறிக்கப்பெற்றது ரூப்யம் என்று பாணினியின் இலக்கணமே அச்சொல்லை முடித்துக் காட்டுகிறது. 1540 முதல் 1545 வரை தில்லியில் ஆண்ட ஷேர் ஷா, ஏறத்தாழ 178 கிரெயின் நிறையுள்ள வெள்ளிக்காசை வெளியிட்டு, அதற்கு ரூபியா என்னும் பெயரை நிலைபெறச் செய்தார். 1835-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அதனை 180 கிரெயினாக வகுத்துத் தன் ஆட்சிப் பகுதி முழுமைக்கும் ஒரே காசாக்கியது. சுதந்திரத்திற்குப் பின், 1957 ஏப்ரல் முதல் நாளன்று, பதினாறு அணாவாகவும் 192 பைகளாகவும் பிரிந்திருந்த ரூபாய் நூறு நயா பைசாவாயிற்று. 1964 ஜூன் முதல் நயா என்னும் அடைமொழியும் நீங்கிப் பைசா மட்டும் நின்றது. இத்தனை மாறுதல்களிலும் ரூபாய்க்கெனத் தனிக் குறி ஒன்று வகுக்கப்படவில்லை. உருவம் என்னும் பொருளுடைய பெயரைத் தாங்கிய நாணயம், எழுத்தில் தனக்கென ஓர் உருவம் இன்றியே நெடுங்காலம் வாழ்ந்தது.

தமிழில் ‘ரூ.’ என்றும், ஆங்கிலத்தில் ‘ஆர்’, ‘எஸ்’ என்னும் இரண்டு எழுத்துகளைச் சேர்த்தும், மற்ற மொழிகளில் அவ்வம்மொழியின் முதலெழுத்தைக் கொண்டும் எழுதி வந்தோம். நாட்டுக்குள்ளே இதனால் பெரிய இடையூறு இல்லை. ஆனால் ரூபாய் என்னும் பெயருடைய பணம் நம்முடையது மட்டுமன்று. பாகிஸ்தான், இலங்கை, நேபாளம், மொரீஷியஸ், செஷல்ஸ் ஆகிய நாடுகளின் பணமும் ரூபாயே. ஆங்கிலத்தில் அவையும் அதே இரண்டு எழுத்துகளால் சுருக்கி எழுதப்பட்டன. பன்னாட்டு வாணிகத்தில் டாலரும், பவுனும், யென்னும், யூரோவும் ஒவ்வொரு குறியால் விளங்க, இந்திய ரூபாய் மட்டும் ஐந்து நாடுகளோடு ஒரு சுருக்கத்தைப் பங்கிட்டுக் கொண்டிருந்தது.

2009 மார்ச்சில் இந்திய அரசு ஒரு போட்டியை அறிவித்தது. நாட்டின் பண்பைக் காட்டுவதாகவும், விசைப்பலகைக்கு ஏற்றதாகவும் ஒரு குறியை வரைந்தனுப்புமாறு மக்களைக் கேட்டது. மூவாயிரத்துக்கு மேற்பட்ட வரைவுகள் வந்தன. அவற்றுள் ஐந்து இறுதிச் சுற்றுக்குத் தேறின. 2010 ஜூலை 15-ஆம் நாள் மத்திய அமைச்சரவை அவற்றுள் ஒன்றை ஏற்றுக்கொண்டது. அதனை வரைந்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார். சென்னையில் கட்டடக்கலை பயின்று, பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தமிழ் அச்செழுத்துகளின் வடிவத்தைப் பற்றி ஆய்வு செய்தவர். இரண்டரை லட்சம் ரூபாய் பரிசு பெற்றார்.

வானொலியில் ஓர் உருவத்தைச் சொல்லால்தான் வரைந்து காட்ட வேண்டும். தேவநாகரி எழுத்தில் ‘ர’ என்பதையும், ஆங்கிலத்தின் ‘ஆர்’ என்பதையும் மனத்தில் நிறுத்துங்கள். ஆங்கில எழுத்தின் நெடுங்கோட்டை நீக்கிவிட்டால் எஞ்சுவது பெரும்பாலும் தேவநாகரி எழுத்தைப் போலவே இருக்கும். அவ்வுருவின் மேற்பகுதியில் இரண்டு கிடைக்கோடுகள் இணையாக ஓடுகின்றன. மேலே உள்ள கோடு தேவநாகரி எழுத்துகளின் தலைக்கோட்டை நினைவூட்டும். இரு கோடுகளும் அவற்றின் இடைவெளியும் சேர்ந்து மூவண்ணக் கொடியை நினைவூட்டும் என்பர். கணிதத்தின் சமக்குறியாகக் காண்பாரும் உண்டு. ஒரு குழந்தையும் இரண்டு முறை பார்த்தால் எழுதிவிடக்கூடிய எளிய வடிவம் அது.

வடிவம் கிடைத்துவிட்டது, அமைச்சரவையின் ஒப்புதலும் கிடைத்துவிட்டது. கையால் எழுதுவோருக்கு அவ்வளவே போதும். கணினிக்கு மட்டும் அது போதவில்லை. ஏன் என்பதை அறியச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

கணினி எழுத்தை அறியாது. எண்ணை மட்டுமே அறியும். நாம் ஓர் எழுத்தைத் தட்டும்போது அது ஓர் எண்ணைக் குறித்துக்கொள்கிறது. படிக்கும்போது அவ்வெண்ணுக்குரிய வடிவத்தை ஒரு பட்டியலிலிருந்து எடுத்து நமக்குக் காட்டுகிறது. எண்ணுக்குரிய வடிவங்களின் அந்தத் தொகுதியையே எழுத்துரு என்கிறோம். அனுப்புகிறவரும் பெறுகிறவரும் எந்த எண் எந்த எழுத்து என்பதில் ஒத்திருந்தால் செய்தி பிழையின்றிச் சேரும். ஒத்திராவிட்டால் ஒருவர் எழுதியது ஒன்று, மற்றவர் படிப்பது வேறொன்று.

அமெரிக்கர் 1963-இல் இதற்கு ஒரு பொதுத் தரம் வகுத்தனர். அதில் இருந்த இடங்கள் மொத்தம் 128. ஆங்கில எழுத்துகளும் இலக்கங்களும் நிறுத்தக் குறிகளும் இயந்திரத்துக்கான கட்டளைகளும் அதற்குள் அடங்கவேண்டும். பணக் குறிகளுள் டாலருக்கு மட்டுமே அங்கு இடம் கிடைத்தது. அதன் எண் 36. மற்ற நாட்டார் என் செய்வர்? இருக்கிற இடத்திலேயே பிறிதொன்றை விலக்கித் தம் குறியை அமர்த்தினர். பிரிட்டிஷார் 35-ஆம் இடத்தில் எண் குறியை நீக்கிப் பவுன் குறியை வைத்தனர். ஜப்பானியர் 92-ஆம் இடத்தில் இருந்த பின்சாய்வுக் கோட்டை நீக்கி யென் குறியை வைத்தனர். அதன் விளைவை இன்றும் காணலாம். ஜப்பானியக் கணினிகள் பலவற்றில் கோப்பு இருக்கும் இடத்தைக் காட்டும் வரியில், சாய்கோடு வரவேண்டிய ஒவ்வோர் இடத்திலும் யென் குறி நிற்கும். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் செய்த சிக்கனத்திற்கு இன்றுவரை செலுத்தப்படும் வட்டி என்று அதனைச் சொல்லலாம்.

ஐரோப்பியர் இன்னொரு பாடத்தைக் கற்றனர். யூரோவின் குறி 1996 டிசம்பரில் வெளியிடப்பட்டது. 1999 ஜனவரியில் யூரோ கணக்குகளில் நடைமுறைக்கு வந்தது. தாளும் காசும் 2002-இல் வந்தன. பணம் பிறப்பதற்கு முன்பே குறி பிறந்துவிட்டதால் ஆயத்தம் செய்யக் காலம் இருந்தது. ஆயினும் குழப்பம் நேர்ந்தது. பெரிதும் பழகிய கணினி முறையொன்று யூரோவை 128-ஆம் இடத்தில் வைத்தது. 1999-இல் வந்த பன்னாட்டுத் தரமொன்று, எந்த நாட்டுப் பணத்தையும் பொதுவாகச் சுட்ட ஏற்பட்டிருந்த ஒரு குறியை 164-ஆம் இடத்திலிருந்து அகற்றி, அங்கே யூரோவை அமர்த்தியது. ஆகவே ஒரே எண் ஒரு கணினியில் யூரோ, மற்றொன்றில் பொதுப் பணக் குறி என்றாயிற்று. பணத்தைச் சுட்டும் குறி, படிப்பவருக்கேற்ப மாறினால் அதன் நாணயம் என்னாவது?

இவ்விதச் சிக்கல்களை வேரோடு தீர்க்க எழுந்ததே யூனிகோடு என்னும் திட்டம். 1991-இல் அதற்கான ஒன்றியம் அமைந்தது. உலகின் எல்லா மொழிகளின் எழுத்துகளுக்கும், ஒன்றோடொன்று மோதாத தனித்தனி எண்களைக் கொடுப்பது அதன் நோக்கம். தமிழ் அகரத்தின் எண் 2949. அவ்வெண்ணை உலகில் வேறெந்த எழுத்தும் கொள்ளாது. 1996-க்குப் பின் அவ்வொன்றியம் ஓர் உறுதியையும் மேற்கொண்டது: ஒருமுறை கொடுத்த எண்ணை மாற்றுவதில்லை, திரும்பப் பெறுவதும் இல்லை. நிலப்பட்டா கொடுப்பது போன்ற செயல் இது. ஆதலின், பட்டா கொடுக்குமுன் பலர் கூடி நெடிது ஆராய்வர். ஓர் எழுத்து முன்மொழியப்பட்டு ஏட்டில் ஏறுவதற்குள் இரண்டு ஆண்டுகள் செல்வது வியப்பன்று. பன்னாட்டுத் தர நிறுவனம் நடத்தும் தனிப் பட்டியல் ஒன்றும் உண்டு. அதுவும் யூனிகோடும் எழுத்துக்கு எழுத்து ஒத்துச் செல்லவேண்டும் என்பது ஏற்பாடு. இந்திய மொழிகளுக்கென 1991-இல் இந்தியத் தர நிறுவனம் வகுத்த தரமும் இருந்தது.

இந்த நிலையில்தான் 2010 ஜூலை 15-ஆம் நாள் புதிய ரூபாய்க் குறி வெளிவந்தது. உள்நாட்டில் ஆறு மாதத்திலும், உலக அளவில் பதினெட்டு முதல் இருபத்துநான்கு மாதத்திலும் அது தரங்களில் ஏறும் என்று அரசு அறிவித்தது. முந்தைய அனுபவத்தை நோக்க, அது நியாயமான கணக்கே. ஆனால் மக்களின் ஆர்வம் அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. செய்தித்தாளில் காலையில் கண்ட குறியை மாலையில் தங்கள் கடிதத்தில் எழுத விரும்பினர். அவர்களுக்கு இரண்டு குறுக்குவழிகள் தென்பட்டன.

முதல் வழி இது. யூனிகோடு பட்டியலில் 8360 என்னும் எண்ணில் ‘ரூபாய்க் குறி’ என்ற பெயரோடு ஒன்று முன்னமே இருந்தது. பழைய ஆங்கிலச் சுருக்கத்தின் இரண்டு எழுத்துகளையும் ஒட்டி வரைந்த உருவம் அது. எண் இருக்கிறது, எழுத்துருக்களில் அதன் வடிவத்தை மட்டும் புதிய குறியாக மாற்றிவிட்டால் என்ன? கேட்பதற்கு எளிதான யோசனையே. ஆனால் அந்தப் பழைய குறி இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. கொழும்பிலோ கராச்சியிலோ காத்மாண்டுவிலோ அவ்வெண்ணைக் கொண்டு எழுதிய கணக்குகளெல்லாம், எழுத்துரு மாறிய மறுநாளே இந்திய ரூபாய்க் கணக்குகளாகத் தோன்றிவிடும். ஒரு தொகையின் இலக்கம் மாறாமலே அதன் நாடு மாறிவிடும். பிறர் வீட்டுக் கதவில் நம் பெயர்ப் பலகையை மாட்டுவதற்கு ஒப்பான செயல் அது. எனவே புதிய குறிக்குப் புதிய எண்ணே வேண்டும் என்பது தெளிவாயிற்று.

இரண்டாம் வழியே நடைமுறைக்கு வந்தது. மங்களூரைச் சேர்ந்த ஒரு கணினி நிறுவனம், குறி வெளியான சில நாட்களுக்குள் ஓர் எழுத்துருவை இலவசமாக வெளியிட்டது. விசைப்பலகையின் இடது மேல்மூலையில், ஒன்று என்னும் இலக்கத்துக்குப் பக்கத்தில், ஒரு சிறு சாய்ந்த புள்ளிக்கோடு இருக்கும். பிரெஞ்சு போன்ற மொழிகளில் எழுத்தின் தலைமேல் இடும் உச்சரிப்புக் குறி அது. நம் நாட்டில் அதனைத் தொடுவோர் அரியர். அதன் எண் 96. புதிய எழுத்துருவில் அந்த எண்ணுக்கு ரூபாய்க் குறியின் வடிவம் கொடுக்கப்பட்டது. அந்த விசையைத் தட்டினால் திரையில் ரூபாய்க் குறி தோன்றிற்று. நல்ல எண்ணத்தோடு செய்த உதவி அது என்பதில் ஐயமில்லை. இலட்சக்கணக்கானோருக்கு முதன்முதல் அக்குறியைத் தம் கையால் எழுதும் மகிழ்ச்சி அதனால் கிட்டியது.

ஆனால் கணினியின் ஏட்டில் பதிவானது என்ன? எண் 96, அவ்வளவே. தில்லியில் ஓர் அலுவலர் அவ்வெழுத்துருவைக் கொண்டு ஐயாயிரம் ரூபாய் என்று தட்டுகிறார். அவர் திரையில் குறி அழகாக நிற்கிறது. அக்கடிதம் மதுரைக்குப் போகிறது. மதுரைக் கணினியில் அந்த எழுத்துரு இல்லை. அங்கே ஐயாயிரம் என்னும் இலக்கத்துக்கு முன், தூசு ஒட்டியதுபோல் ஒரு சாய்ந்த புள்ளி நிற்கிறது. ரூபாய் என்பதற்கு அடையாளமே இல்லை. பத்து நாடுகளின் பணம் பேசப்படும் ஒப்பந்தத்தில் இவ்வாறு நேர்ந்தால் அத்தொகை எந்த நாட்டுப் பணம்? பார்வையற்றோருக்காக எழுத்தைக் குரலாக்கிப் படிக்கும் கருவிகள் உண்டு. அவை வடிவத்தைப் பார்ப்பதில்லை, எண்ணையே பார்க்கின்றன. அக்கருவி ரூபாய் என்று சொல்லாது. உச்சரிப்புக் குறி என்று சொல்லும், அல்லது வாய் திறவாது கடந்துபோகும். ரூபாய்த் தொகைகளை மட்டும் தேடிக் கொடு என்றால் கணினி கையை விரிக்கும். அக்காலத்தில் உருவான அறிக்கைகள் பலவற்றிலிருந்து இன்றைக்கு ஒரு பகுதியைப் பிரதி எடுத்துப் பாருங்கள்; தொகைகளுக்கு முன்னே அந்தச் சாய்ந்த புள்ளி வந்து நிற்பதைக் காண்பீர்கள். வடிவம் இருந்தது, அதன் பின்னே நாணயம் இல்லை.

தமிழர்க்கு இந்த நோய் புதியதன்று. தொண்ணூறுகளில் தமிழைக் கணினியில் எழுதியோர், ஆங்கில எழுத்துகளின் எண்களில் தமிழ் வடிவங்களை அமர்த்தித்தான் எழுதினர். ஒவ்வோர் எழுத்துருவும் ஒவ்வொரு வகையாக அமர்த்தியது. ஓர் அலுவலகத்தில் தட்டிய தமிழ், அடுத்த அலுவலகத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு விசைப்பலகைக்கும் எழுத்துக் குறியீட்டுக்கும் தரம் வகுக்க முற்பட்டதற்கு இந்தத் துன்பமே காரணம். பின்னர் யூனிகோடு பரவியதால் பொதுவழி பிறந்தது. பழைய முறையில் தட்டி வைத்த நூல்களையும் பத்திரங்களையும் மாற்றி எடுக்கும் வேலை பலருக்கு மிச்சமிருந்தது. இரவல் எண்ணில் எழுதினால் என்றாவது ஒருநாள் திரும்ப எழுதவேண்டி வரும் என்பது அந்த அனுபவம் தந்த பாடம்.

இனி, குறிக்கு எண் கிடைத்த வரலாற்றைக் காண்போம். அந்த ஆண்டில் யூனிகோடு ஒன்றியம் தன் ஆறாம் பதிப்பை வெளியிடும் தறுவாயில் இருந்தது. அதில் சேரவேண்டிய எழுத்துகளின் பட்டியல் ஏறக்குறைய முடிந்துவிட்டிருந்தது. பழைய வழக்கப்படி புதிய குறி அடுத்த பதிப்புக்குக் காத்திருக்க வேண்டியதே. ஆனால் குறி அறிவிக்கப்பட்ட ஜூலை மாதத்திலேயே அதனைச் சேர்க்குமாறு முன்மொழிவு சென்றது. இந்திய அரசும் ஒன்றியத்தில் வாக்குரிமை உடைய உறுப்பினராக இருந்து வலியுறுத்தியது. நிலைமையின் அவசரத்தை ஒன்றியம் உணர்ந்தது. ஒரு நாட்டின் அரசு தன் பணத்துக்கு விதித்த குறி அது; நாளை முதலே கோடிக்கணக்கான ஆவணங்களில் வரப்போவது. எண் தாமதமாகுமளவுக்கு இரவல் எண்கள் பெருகும். ஆதலின் விதிவிலக்காக அதனை ஏற்றுக்கொண்டது.

2010 அக்டோபர் 11-ஆம் நாள் ஆறாம் பதிப்பு வெளிவந்தது. அதில் புதிதாகச் சேர்ந்தவை 2,088. அவற்றுள் ஒன்று 8377 என்னும் எண்ணில் ‘இந்திய ரூபாய்க் குறி’. பழைய 8360 தன் எண்ணையும் தன் பெயரையும் இழக்காமல், மற்ற நாடுகளுக்கும் பழைய ஆவணங்களுக்கும் உரியதாக இருந்த இடத்திலேயே இருந்தது. பதினெட்டு மாதமாவது ஆகும் என்று கருதப்பட்ட செயல் எண்பத்தெட்டே நாளில் முடிந்தது. இதில் இன்னொரு சிறப்பும் உண்டு. யூனிகோடும் பன்னாட்டுத் தரப் பட்டியலும் ஒத்துச் செல்லவேண்டும் என்று முன்னே சொன்னேன். அந்த ஆறாம் பதிப்பில் யூனிகோடு ஓர் எழுத்து முந்திச் சென்றது. அந்த ஓர் எழுத்து நம் ரூபாய்க் குறியே. பன்னாட்டுப் பட்டியல் பின்னர் அதனைச் சேர்த்துக்கொண்டது.

எண் கிடைத்ததோடு வேலை முடிந்துவிடவில்லை. எண் என்பது ஒரு வெற்று மனை. அதில் வீடு கட்டவேண்டும். எழுத்துரு வரைவோர் ஒவ்வொருவரும் தத்தம் எழுத்துகளின் தடிப்புக்கும் சாய்வுக்கும் இசையப் புதிய குறியை வரைந்து அவ்வெண்ணில் சேர்க்கவேண்டும். சேர்க்காத எழுத்துருவில் அக்குறி வரும்போது வெறும் கட்டம் ஒன்றே தோன்றும். இலக்கங்களின் அகலத்துக்கு ஒத்ததாகவும் குறி அமையவேண்டும். இல்லையெனில் கணக்குப் பத்திகள் நேராக நில்லா. அதன் இரண்டு கோடுகளும் சிறிய அளவில் ஒன்றோடொன்று ஒட்டி மையாகிவிடாமல் இடைவெளி விடவேண்டும். சிறு வேலைபோல் தோன்றினும், உலகின் எழுத்துருக்கள் ஆயிரக்கணக்கானவை.

உபுண்டு என்னும் பொதுவுரிமைக் கணினி முறை, அதே அக்டோபர் மாதத்தில் வெளியான தன் பதிப்பிலேயே இக்குறியைக் கொண்டிருந்தது. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2011 மே மாதத்தில், அப்போது புழக்கத்திலிருந்த விண்டோஸ் கணினிகளுக்கு ஒரு திருத்தத்தை வெளியிட்டது. விசைப்பலகையிலும் முறையான இடம் அமைந்தது. டாலர் இருக்கும் நான்கு என்னும் விசையையே, வலப்பக்கத்து ஆல்ட் விசையோடு சேர்த்து அழுத்தினால் இந்திய விசையமைப்பில் ரூபாய்க் குறி வரும். 2011 ஜூலையில் புதிய காசுகளிலும், அதனைத் தொடர்ந்து 2012-இல் ரூபாய்த் தாள்களிலும் அக்குறி ஏறியது. எண்ணாகப் பிறந்தபின்பே அது உலோகத்திலும் தாளிலும் பொறிக்கப்பட்டது என்பதைக் கவனிக்கவேண்டும். ஷேர் ஷாவின் காலத்தில் முத்திரை உலோகத்தில் தொடங்கி ஏட்டுக்கு வந்தது. நம் காலத்தில் ஏட்டில் தொடங்கி உலோகத்துக்குப் போயிற்று.

எனினும் இன்றும் நம் கைப்பேசிக்கு வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்திகள் பலவற்றில் பழைய ஆங்கிலச் சுருக்கமே நிற்கிறது. இதனைச் சிலர் அலட்சியம் என்பர். காரணம் வேறு. குறுஞ்செய்திக்கென்று ஏற்பட்ட பழைய எழுத்துப் பட்டியல் மிகக் குறுகியது. அதில் டாலர், பவுன், யென் உண்டு. பின்னர் யூரோவும் சேர்ந்தது. ரூபாய்க் குறி இல்லை. அப்பட்டியலுக்குள் அடங்கும் செய்தி 160 எழுத்துகள் வரை நீளலாம். அதில் ஒரே ஒரு ரூபாய்க் குறியை இட்டால் போதும். செய்தி முழுவதும் அகன்ற யூனிகோடு முறைக்கு மாறி, எல்லை 70 எழுத்துகளாகச் சுருங்கிவிடும். ஒரு செய்தி இரண்டாகவோ மூன்றாகவோ பிரியும். செலவும் அவ்வாறே பெருகும். எழுத்து வடிவங்களைத் தன்னுள்ளே நிலையாகப் பதித்துக்கொண்ட பழைய ரசீது இயந்திரங்களும் புதிய குறியை அறியா. புதிய முத்திரை வந்தபின்னும் பழைய காசு சில காலம் சந்தையில் நடப்பதுண்டு. 1957-க்குப் பின் அணாவில் விலை பேசியோர் எத்தனை பேர்! அதுபோன்றதே இதுவும்.

இங்கே தமிழின் வரலாற்றில் ஒரு சிறு செய்தியை நினைவுகூர்தல் தகும். நம் முன்னோர் கணக்கேடுகளிலும் பத்திரங்களிலும் நாள், மாதம், வருடம், பற்று, வரவு, மேற்படி என்பவற்றுக்குத் தனிக் குறிகளை வைத்திருந்தனர். ரூபாய்க்கும் ‘ரூ’ என்னும் எழுத்திலிருந்து பிறந்த ஒரு சுழிக் குறி இருந்தது. இக்குறிகள் 2003-இல் யூனிகோட்டின் நான்காம் பதிப்பில் இடம் பெற்றன. தமிழ் ரூபாய்க் குறியின் எண் 3065. அதாவது, இந்திய ரூபாய்க் குறிக்கு எண் கிடைப்பதற்கு ஏழாண்டு முன்பே தமிழ் ரூபாய்க் குறிக்கு எண் கிடைத்துவிட்டது. வங்காள எழுத்திலும் குஜராத்தி எழுத்திலும் அவ்வாறே ரூபாய்க் குறிகள் உண்டு. ஆயினும் இன்று தமிழ்க் குறியை எழுதுவோர் எத்தனை பேர்? படித்தறிவோர் எத்தனை பேர்? அதற்கு உருவும் உண்டு, எண்ணும் உண்டு; வழக்கு நின்றுவிட்டது. பழைய பத்திரங்களைக் கணினியில் ஏற்றும் ஆராய்ச்சியாளருக்கு அந்த எண் பேருதவி செய்கிறது. சந்தையில் அது உறங்குகிறது.

இவற்றையெல்லாம் சேர்த்து நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். எழுத்துலகில் ஒரு குறி நிலைபெற மூன்று வேண்டும்: உரு, எண், வழக்கு. உருவை ஒரு கலைஞர் ஓர் இரவில் வரைந்துவிடலாம். ஓர் அரசு ஒரே நாளில் ஆணையிட்டுவிடலாம். எண்ணை எந்த அரசும் தனியே ஆக்கிக்கொள்ள இயலாது. உலகோர் கூடி ஒப்பவேண்டும். வழக்கை யாரும் ஆணையால் உண்டாக்க இயலாது. மக்கள் நாள்தோறும் எழுதியே உண்டாக்கவேண்டும். 2010-இன் அந்தச் சில மாதங்களில் நம் குறிக்கு உரு இருந்தது. மக்களின் ஆவலும் இருந்தது. எண் மட்டும் இல்லை. அந்த இடைவெளியில் எழுதப்பட்ட தொகைகளே இன்று சாய்ந்த புள்ளிகளாய் ஏடுகளில் சிதறிக் கிடக்கின்றன.

நம் நாட்டின் அனுபவத்துக்குப் பின் பிற நாடுகளும் அவ்வழியில் வந்தன. துருக்கி 2012-இல் தன் லிராவுக்குக் குறி வகுத்தது; அவ்வாண்டே வந்த யூனிகோடு பதிப்பில் அந்த ஒரே குறிதான் புதிது. அதன் எண் 8378. நம் குறிக்கு அடுத்த வீடு. ரஷ்யாவின் ரூபிள் 2014-இல் இடம் பெற்றது. 2025 பிப்ரவரியில் சவூதி அரேபியா தன் ரியாலுக்கு வெளியிட்ட குறி அவ்வாண்டு செப்டம்பரிலேயே எண் பெற்றது. பணக் குறிக்கு விரைந்து எண் தரவேண்டும். இல்லையேல் இரவல் எண்களின் குழப்பம் முந்திக்கொள்ளும் என்பதை இன்று அனைவரும் உணர்ந்திருக்கின்றனர்.

இனி நீங்கள் ஒரு விலைப்பட்டியலையோ வங்கிக் கணக்கையோ காணும்போது, தொகைக்கு முன் நிற்கும் அச்சிறு குறியைச் சற்றே நோக்குங்கள். அதன் இரண்டு கோடுகளைப் பற்றிப் பெருமை கொள்ளலாம், நியாயமே. கண்ணுக்குத் தெரியாமல் அதன் பின்னே நிற்கும் 8377 என்னும் எண்ணையும் நினையுங்கள். மதுரையில் எழுதிய ரூபாயைக் குவஹாட்டியிலும் ஜெனீவாவிலும் ரூபாயாகவே படிக்கச் செய்வது அந்த எண். கொடுப்பவர் கையிலும் வாங்குபவர் கையிலும் ஒன்றாகவே இருப்பதுதான் நாணயம். காசுக்கும் அதுவே இலக்கணம், மனிதருக்கும் அதுவே இலக்கணம், எழுத்துக்கும் அதுவே இலக்கணம்.